ஈரவாரில் போட்ட முடிச்சு

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் தளபதி என்றால் மூன்றாம் மாடி அம்மாவைத்தான் குறிக்கும். பெயர் வைத்தவர் வாட்ச்மேன். ஒருநாள் சாயங்காலம் இரண்டு கையிலும் காய்கறிப் பை இருந்ததால், பழங்காலப் போர்வீரர்கள் போடுகிற மாதிரித் தானே புதிதாகச் செய்து பாலிஷ் போட்டு எடுத்து வந்த இரும்புத் தொப்பியை வைக்க இடமில்லாமல் தலையிலேயே மாட்டிக்கொண்டு அவள் கேட்டுக்குள் நுழைந்தாள். வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு சல்யூட் வைத்தார். அவளும் சும்மா இருக்காமல், பையைத் தூக்கிக்கொண்டே தலையை ஆட்டி அதை ஏற்றுக்கொண்டாள். அன்றைக்கு ஒட்டிய பெயர் பிறகு போகவே இல்லை. தபால்காரர்கூட "தளபதி வீடு எது?" என்றுதான் கேட்பார்.

பிழைப்புக்கு அவள் செய்வது பல். பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்து, லேபில் உட்கார்ந்து பல்செட் செய்பவள். இருபத்தைந்து வருஷமாக மெழுகு, சுண்ணாம்பு மாவு, சின்ன ரம்பம், பாலிஷ் சக்கரம் இவற்றோடுதான் குடித்தனம். "இந்த ஊர்ல பாதிப் பேர் என் தயவுலதான் சிரிக்கிறாங்க" என்பாள். அது முழுப்பொய்யும் இல்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்கு ஒதுங்கப் போய் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தாள். அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டியில், பழங்காலக் குதிரை வீரன் ஒருவனின் கவசத்திலிருந்து மிஞ்சிய தகடுகள் இருந்தன. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம்தான், ஓரத்தில் ஓட்டைகள். மற்றவர்களுக்கு அது துருப்பிடித்த இரும்பு. இவளுக்கு அது வாய்க்குள் எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. ஒரு பல் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தே ஆள் எந்தப் பக்கமாக மெல்லுவார் என்று சொல்லிவிடுபவள் அல்லவா? ஓட்டைகளின் தேய்மானத்தைப் பார்த்ததும், அதில் கோத்திருந்த தோல் வார் எந்தப் பக்கம் இழுபட்டிருக்கும் என்று அவள் மனசு தன்னால் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. மழை விட்டு ஒரு மணி நேரமாகியும் அவள் அங்கேயே நின்றாள். காவலாளி வந்து பூட்டப் போகிறேன் என்று சொன்ன பிறகுதான் வெளியே வந்தாள்.

போர் என்றால் அவளுக்கு ஆகவே ஆகாது. பக்கத்து வீட்டில் சண்டை என்றால்கூட ஜன்னலைச் சாத்திவிடுகிற ஜாதி. ஆனால் அந்தத் தகடுகளை எப்படிக் கோத்திருப்பார்கள் என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் செய்தது செதில் கவசம். கெட்டித் துணியின் மேல் மீன் செதில் மாதிரித் தகடுகளை ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி தைப்பது. நன்றாகத்தான் வந்தது. போட்டுப் பார்த்த புருஷன் உட்காரும்வரை ஒரு குறையும் தெரியவில்லை. உட்கார்ந்ததும் கீழ்வரிசைச் செதில்கள் தொடையில் கடித்தன. இரண்டாவது தோல் கவசம். தோலை வெந்நீரில் முக்கி எடுத்தால் மரம் மாதிரி இறுகும் என்று படித்திருந்தாள். எவ்வளவு சூடு என்பதில்தான் கோட்டை விட்டாள். அளவெடுத்து வெட்டிய மார்க்கவசம் கொதிநீரில் சுருண்டு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வந்து நின்றது. அதைத் தூக்கிப் போட மனசில்லாமல் பால்கனியில் பூந்தொட்டிக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

மூன்றாவதுதான் அடுக்குக் கவசம். இதில் துணியே கிடையாது. தகட்டோடு தகட்டை வாரால் கட்டி, வரிசையோடு வரிசையைக் கட்டி, முழுக் கவசமும் தன் காலிலேயே நிற்கும். நானூற்று இருபது தகடு, தகட்டுக்கு எட்டு ஓட்டை. ஓட்டை போடுவதற்கே ஏழு மாசம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிமுதல் பன்னிரண்டு மணிவரைதான் சுத்தியல் எடுக்கலாம் என்று கீழ்வீட்டுக்காரர்களோடு ஒப்பந்தம். மீறினால் அவர்கள் தங்கள் மிக்ஸியை இவள் தூங்கும் நேரம் பார்த்து ஓட்டுவார்கள்.

புருஷன் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எல்லோருக்கும் மாஸ்டர். அவள் செய்யும் எல்லாக் கவசத்துக்கும் அளவு உடம்பு அவருடையதுதான். முப்பது வருஷமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிற மனுஷர். அதனால் பொறுமைக்குப் பஞ்சமில்லை. "என் வேலைக்கு இது ரொம்ப முன்னாடியே தேவைப்பட்டுச்சு. இப்பவாச்சும் செஞ்சியே" என்பார். ஒரே ஒரு தொல்லை, அளவெடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு ஏமாற்றுவார்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது, ஒரு புதன்கிழமை மகள் போன் செய்தாள். அவள் வேறு ஊரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தாள். கூட வேலை பார்க்கும் பையனைக் கல்யாணம் செய்துகொள்ள விருப்பம் என்று முன்பே சொல்லியிருந்தாள். பையனின் அப்பா அம்மா இந்த ஊரில் ஒரு சொந்தக்காரரைப் பார்க்க வருகிறார்கள். அப்படியே ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வீட்டுக்கும் வருவார்கள். பையனுக்கு லீவு இல்லை, மகள்தான் கூட்டி வருகிறாள்.

"அம்மா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லு."

"அந்தத் தகரம், தோலு எல்லாத்தையும் கொஞ்சம் உள்ள வச்சிடு. முதல் தடவை வர்றாங்க. அவங்க என்ன நினைப்பாங்களோ."

"தகரம் இல்லடி, எஃகு."

"சரி, எஃகு. அதையும் உள்ள வை. அம்மா ஓய்வு நேரத்துல தையல் வேலை செய்வாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்."

தளபதிக்கு உள்ளே எங்கோ சுருக்கென்றது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அம்மாவை எங்கும் கூட்டிப்போக வெட்கப்படாத பெண் இது. கல்யாணம் என்று வந்தால் எல்லோருக்கும் ஒரு பயம் வந்துவிடும்போல என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு, "வச்சிடறேன், நீ கவலைப்படாத" என்றாள்.

சொன்னபடியே செய்தாள். சனிக்கிழமை மத்தியானம் சுத்தியல், உளி, தோல் சுருள், தகடு டப்பா எல்லாம் கட்டிலுக்கு அடியில் போயின. இரும்புத் தொப்பி அரிசி டிரம்முக்குள் இறங்கியது. முடியாத கவசம் மட்டும் பீரோ ஓரத்தில் இருந்தது. அதில் பாக்கி, இடது வலது விலாப்பக்கத்தைச் சேர்த்துக் கட்டுகிற வேலை. அதுவும் வாரால் கட்டித்தான் சேர்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு வீடு பளபளவென்று இருந்தது. டீக்குக் கப் எடுத்து வைத்தாகிவிட்டது. கேக் வந்துவிட்டது. பழம் நறுக்க வேண்டியதுதான். நாலு மணிக்கு இன்னும் ஆறரை மணி நேரம் கிடந்தது. சும்மா இருக்கிற கைக்குத்தான் சங்கடம் வரும் என்பார்கள். தளபதியின் கை சும்மா இருந்தது.

"என்னங்க, ஒரு பத்து நிமிஷம் வாங்களேன். பக்கவாட்டுக் கட்டை மட்டும் பார்த்துடறேன்."

மாஸ்டர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்து கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

இந்தக் கட்டுக்கு அவள் வைத்திருந்தது பதனிடாத பச்சைத்தோல் வார். தண்ணீரில் ஊறவைத்தால் ரப்பர் மாதிரி இழுக்க வரும். காய்ந்தால் சுருங்கி இறுகி, கட்டினதைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ஆளின் உடம்பிலேயே வைத்துக் கட்டி அரைகுறையாகக் காயவிட்டால் கவசம் அந்த உடம்புக்கே வார்த்தெடுத்த மாதிரி வளைந்துவிடும், பிறகு முடிச்சைத் தளர்த்திக் கழற்றிக்கொள்ளலாம் என்பது அவள் திட்டம். இரண்டு விலாவையும் கட்டி முடிக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. மாஸ்டரை வெயில் விழும் பால்கனி ஓரம் நிறுத்தி, போதாததற்குத் தலைமுடி காயவைக்கும் மிஷினையும் பிடித்தாள். அந்த இரைச்சலில், சமையலறையில் கிடந்த போன் அடித்ததை யாரும் கேட்கவில்லை. ஐந்து தடவை அடித்தது.

அரைகுறையாகக் காயவிட வேண்டியதை அவள் முழுசாகவே காயவைத்துவிட்டாள். பதினொன்றரைக்கு முடிச்சைத் தளர்த்தப் போனால் அது கல்லாகியிருந்தது. ஊசியை வைத்து நெம்பினாள், ஊசி வளைந்தது. நகத்தால் கீறினாள், நகம் உடைந்ததுதான் மிச்சம். இடுப்பில் நன்றாகச் சுருங்கிப் பிடித்திருந்ததால் தலைவழியாக உருவவும் வழியில்லை.

"பரவாயில்லைங்க. ஈரத்துணியை வச்சு அரை மணி ஊற விட்டா இளகிடும். நேரம்தான் இருக்கே" என்று அவள் சொல்லி வாயை மூடவில்லை, வாசல் மணி அடித்தது.

கதவுத் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தாள். மகள் நின்றாள். அவளுக்குப் பின்னால் பழப் பையோடு ஒரு அம்மா, குடையோடு ஒரு பெரியவர். மகளின் முகம் துவாரத்தைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சியது.

தளபதி நுனிக்காலில் ஓடிவந்தாள். "வந்துட்டாங்க."

"இப்பவேயா? மணி பதினொண்ணே முக்கால்தானே ஆகுது?"

"வாசல்ல நிக்கிறாங்க."

மாஸ்டர் ஒரு நொடி யோசித்தார். "வெட்டிடு" என்றார்.

அவள் மேஜைமேல் இருந்த கத்தியை எடுத்தாள். வாருக்கு அடியில் நுழைத்தாள். ஒரே நீள வார் அது. இங்கே வெட்டினால் இரண்டு பக்கத்திலும் ஐந்தாறு வரிசை பொலபொலவென்று கழன்று வரும். ஏழு மாச ஓட்டை, நாலு மாசக் கோப்பு. கத்தி அப்படியே நின்றது. மாஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நடுங்குகிற ஆட்களின் முகத்தை எத்தனை பார்த்தவர்.

"கத்தியை வை. அண்ணன் விட்டுட்டுப் போன ஜெர்கின் எங்க இருக்கு?"

மாஸ்டரின் அண்ணன் குளிர்தேசத்திலிருந்து வந்தபோது விட்டுப்போன ஜெர்கின் அது. இரண்டு ஆள் நுழையலாம். கவசத்தின் மேல் அதை மாட்டிக் கழுத்துவரைக்கும் ஜிப்பை இழுத்துவிட்டபோது மாஸ்டர் பஞ்சு அடைத்த பீப்பாய் மாதிரி இருந்தார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"என்ன சொல்றது?"

"ஜுரம்னு சொல்லு" என்றார்.

வந்தவர்கள் நல்ல மாதிரியானவர்கள். பார்க்கப் போன சொந்தக்காரர் திடீரென்று வெளியூர் போய்விட்டாராம். ஹோட்டலில் உட்கார்ந்திருப்பதற்கு வீட்டுக்கே போய்விடலாம் என்று வந்துவிட்டார்களாம். "முன்கூட்டியே வந்து தொந்தரவு கொடுத்துட்டோம்" என்று பையனின் அம்மா பத்துத் தடவை சொன்னாள். "போன் பண்ணேன்மா, அஞ்சு தடவை" என்று மகள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு ஜெர்கினில் அப்பாவைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"அவருக்குக் கொஞ்சம் குளிர் ஜுரம்" என்றாள் தளபதி.

பையனின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசாதவர். அம்மா ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்ப்பவள். நடக்க முடியாதவர்களை நடக்கவைப்பதும், குனிய முடியாதவர்களைக் குனியவைப்பதும்தான் அவளுக்குத் தொழில். அதைக் கேட்டதும் தளபதி எட்டிப் புருஷனின் ஜெர்கின் காலரை இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டாள். வேறு யாராவது வந்திருக்கக் கூடாதா?

மாஸ்டர் சோபாவில் உட்கார்ந்த அழகே தனி. முதுகு வளையவில்லை. தூண் சாய்கிற மாதிரி மெல்லச் சாய்ந்து, கடைசியில் தொப்பென்று விழுந்தார். உள்ளே சல் என்று ஒரு சத்தம். தளபதி டீக் கப்பைத் தட்டில் இடித்து அதை மறைத்தாள். யாராவது வலப்பக்கத்திலிருந்து பேசினால் மாஸ்டர் கழுத்தைத் திருப்பவில்லை, இடுப்போடு சேர்த்து முழு ஆளும் திரும்பினார். ஸ்பூன் கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனியப் பார்த்து, பாதி வழியில் நின்று, ஒன்றும் நடக்காத மாதிரி காலால் சோபாவுக்கு அடியில் தள்ளிவிட்டார். நெற்றியில் வியர்வை ஆறாக ஓடியது.

பையனின் அம்மா அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தொழில்காரிக்குக் கண் சும்மா இருக்குமா?

"உங்க பொண்ணு சொன்னா, நீங்க தையல் வேலை நல்லா செய்வீங்களாமே" என்று பேச்சை ஆரம்பித்தாள்.

"ஏதோ கொஞ்சம்" என்றாள் தளபதி.

"பூ வேலையா, மணி வேலையா?"

"கொஞ்சம் கெட்டியான வேலை."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். பையனின் அம்மா இப்போது மாஸ்டர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க. உள்ள முதுகுக்குப் பட்டை போட்டிருக்கீங்களா?"

மாஸ்டருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஜுரம் ஒன்றோடு அவருடைய சரக்குத் தீர்ந்திருந்தது. "ஆமா, அப்படித்தான்" என்றார்.

"எத்தனை நாளா?"

"நாலு மாசமா. அப்பப்ப போட்டுப் பார்க்கிறது."

"டாக்டர் போடச் சொன்னாரா?"

"இல்ல. வீட்டுல சொன்னாங்க."

பையனின் அம்மா தளபதியை ஒரு பார்வை பார்த்தாள். "ரொம்ப நேரம் போட்டா மூச்சுப் பிடிக்குமே?"

"பிடிக்கத்தான் செய்யுது" என்றார் மாஸ்டர் மனசார.

"தண்ணி எடுத்துட்டு வரேன்" என்று தளபதி எழுந்து சமையலறைக்கு ஓடினாள். பயந்த மாதிரியே பையனின் அம்மாவும் பின்னாலேயே வந்துவிட்டாள். கதவைப் பாதி சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"இங்க பாருங்க. நான் தினம் நூறு முதுகு பார்க்கிறவ. அண்ணனுக்கு முதுகெலும்புல ஏதோ பெரிசா இருக்கு. நீங்க ஜுரம்னு சொல்றீங்க. எதுக்கு மறைக்கிறீங்கன்னு எனக்குப் புரியுது, பொண்ணுக்குக் கல்யாணம் பேசற நேரம்னு பயப்படறீங்க. ஆனா எங்க பையன் உங்க பொண்ணைத்தான் கட்டிக்கப் போறான், அண்ணனோட முதுகை இல்ல. நோய்ங்கிறது யாருக்கும் வரும். மறைக்கிறதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு. நாளைக்குச் சொந்தமாகப் போறவங்ககிட்ட எதுக்கு?"

அவள் கோபமாகப் பேசியிருந்தால் தளபதி எப்படியோ சமாளித்திருப்பாள். அந்த அம்மா இவள் கையைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்கப் பேசினாள். இல்லாத நோய்க்கு ஒருத்தி இப்படி உருகுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. சமையலறை வாசலில் மகள் வந்து நின்று கையால் வேண்டாம் வேண்டாம் என்று சைகை காட்டினாள். தளபதி மகளைப் பார்த்தாள், பிறகு பிடித்திருந்த கையைப் பார்த்தாள்.

"அவருக்கு ஒரு நோயும் இல்லைங்க. கல்லு மாதிரி இருக்கார். நான்தான் அவரை உள்ள வச்சுக் கட்டிட்டேன். இப்ப அவுக்க வரல."

"எதுக்குள்ள வச்சு?"

"கவசத்துக்குள்ள."

பையனின் அம்மா பிடித்திருந்த கையை விடவில்லை. ஆனால் பிடி கொஞ்சம் மாறியது. இப்போது இவளுக்கே ஏதோ வைத்தியம் தேவை என்று நினைக்கிற பிடி அது. "வாங்க, கண்ணால பாருங்க" என்று தளபதி அவளைக் கூடத்துக்கு அழைத்து வந்தாள்.

கூடத்தில் மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. ஜெர்கின் ஜிப் ஏற்கனவே தொப்புள்வரைக்கும் இறங்கியிருந்தது. பையனின் அப்பா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மாஸ்டரின் மார்பில் ஒரு தகட்டை விரலால் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவர் உட்காரும்போதே காதுல விழுந்துடுச்சு" என்றார், மனைவியைப் பார்த்து. அதுதான் வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் நீளப் பேச்சு. "தகட்டுல தகடு உரசுற சத்தம். முப்பது வருஷமா லிஃப்டுக்குள்ள இதைத்தானே கேக்கறேன். மரியாதைக்காகக் கேக்காம இருந்தேன். அப்புறம் மனசு பொறுக்கல, கேட்டுட்டேன்."

"கேட்டார், சொல்லிட்டேன்" என்றார் மாஸ்டர். "ஜிப்பை இறக்கினதும்தான் உயிரே வந்துச்சு."

முதலில் சிரித்தது பையனின் அம்மா. லேசாக ஆரம்பித்து, சோபா கையைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் முந்தானையால் கண்ணைத் துடைக்கிற அளவுக்குப் போய்விட்டது. "நான் ஆபரேஷனுக்கு எந்த டாக்டர்ங்கிற வரைக்கும் யோசிச்சுட்டேன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மாஸ்டருக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க இடமில்லை. ஒவ்வொரு தடவையும் சல் சல் என்று சத்தம்தான் வந்தது. அதைக் கேட்டு மற்றவர்கள் மறுபடி சிரித்தார்கள்.

பிறகு வேலை ஆரம்பமாயிற்று. முடிச்சு இளக அரை மணி நேரம் ஈரத்தில் ஊற வேண்டும். மாஸ்டரைக் கூடத்துக்கு நடுவில் ஸ்டூலில் உட்காரவைத்து, இரண்டு விலாவிலும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துண்டைப் பிடித்துக்கொண்டார்கள். இடப்பக்கம் மகள், வலப்பக்கம் பையனின் அப்பா. இரண்டு குடும்பமும் முதல்முதலாகச் சந்தித்துப் பேசியது இப்படித்தான்.

பையனின் அம்மா சும்மா இருக்கவில்லை. மாஸ்டரைச் சுற்றி வந்தாள். தோளுக்கு மேல் விரலை நுழைத்துப் பார்த்தாள். "எவ்வளவு எடை?"

"ஒம்பது கிலோ வரும்" என்றாள் தளபதி.

"ஒம்பதும் தோள்லயே தொங்குது. இதை மாட்டிக்கிட்டு எப்படிங்க ஒருத்தன் நாள் முழுக்கக் குதிரையில உட்கார்ந்திருப்பான்? சாயங்காலத்துக்குள்ள கையைத் தூக்க முடியாதே. எடை இடுப்புக்கு வரணும். இந்த இடத்துல நாலு விரல் அகலத்துல ஒரு பெல்ட்டை இறுக்கிக் கட்டினா பாதி எடையை இடுப்பு வாங்கிக்கும். மலையேறறவங்க பைக்கு இடுப்புப் பட்டை இருக்கில்ல, அதே கணக்கு."

தளபதி அப்படியே நின்றாள். பிறகு உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியில் கையைவிட்டு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். அருங்காட்சியகத்துத் தகடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து அவள் வரைந்து வைத்த நோட்டு. ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"இதைப் பாருங்க. மத்த தகடெல்லாம் ஓட்டைக்கிட்டதான் தேஞ்சிருக்கு. இந்த ஏழு தகடு மட்டும் வெளிப்பக்கம், நட்டநடுவுல குறுக்கால தேஞ்சிருக்கு. ஆறு வருஷமா இது ஏன்னு எனக்குத் தெரியல. ஆயுதம் பட்டதுன்னா கீறல் இருக்கும், இது வழவழன்னு தேஞ்சிருக்கு."

பையனின் அம்மா எட்டிப் பார்த்தாள். "எந்த உயரத்துல வர்ற தகடு?"

"இடுப்புல வர்றதுன்னுதான் நினைக்கிறேன்."

"அப்ப பெல்ட்டுதான். வேற என்ன? நடக்க நடக்க உரசியிருக்கும்."

தளபதி நோட்டைப் பார்த்தாள், மாஸ்டரின் இடுப்பைப் பார்த்தாள், மறுபடி நோட்டைப் பார்த்தாள். எங்கோ எப்போதோ வாழ்ந்த ஒரு ஆளுக்கும் தோள் வலித்திருக்கிறது, அவனும் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான். அவன் இடுப்பு இப்போதுதான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. "அது சரியா இருக்கும்னுதான் தோணுது" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு அந்த அம்மாவுக்கு இன்னொரு துண்டு கேக் வைத்தாள். அதற்கு மேல் மரியாதை செய்ய அந்த நேரத்தில் அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

முடிச்சு இளகியது. அவிழ்த்தது லிஃப்ட் மெக்கானிக். அவர் விரல் தடியாக இருந்தாலும் பிள்ளைக்குத் தலை பின்னுகிற மாதிரி மெதுவாக ஒவ்வொரு சுற்றாக வாங்கினார். ஒரு தகடுகூட அசையவில்லை. கவசம் கழன்றதும் மாஸ்டர் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "எனக்கு இப்படியே டீ குடுங்க" என்றார். பையனின் அம்மா அங்கேயே உட்கார்ந்து அவர் தோளுக்கு நாலு பயிற்சி சொல்லிக்கொடுத்தாள்.

அவர்கள் கிளம்புகிற நேரத்தில், மகள் சமையலறையில் கப் கழுவிக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். துடைக்கத் துணியை எடுத்துக்கொண்டாள்.

"தையல்னு சொன்னது தப்புதான்மா."

"தப்பு என்ன? தையல்தானே அது."

"அவங்க சிரிப்பாங்கன்னு பயந்தேன்."

"சிரிக்கத்தான் செஞ்சாங்க" என்றாள் தளபதி.

மகள் கப்பைத் துடைத்துக்கொண்டே அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்தாள். ஈரக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் தளபதி முழங்கையால் அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

அவர்கள் ஊருக்குப் போய் நாலு நாள் ஒரு தகவலும் இல்லை. தளபதி வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் லேபில் ஒரு கடைவாய்ப் பல்லை இரண்டு தடவை தப்பாக வைத்து எடுத்தாள். மகளிடம் கேட்கலாம் என்றால், கேட்டால் அவளுக்கும் கவலை வருமே என்று விட்டுவிட்டாள். மாஸ்டரிடம் சொன்னபோது, "பச்சை விழறவரைக்கும் நிக்கத்தானே வேணும். ஹாரன் அடிச்சு ஆகப் போறது என்ன?" என்றார்.

ஐந்தாம் நாள் பதினோரு மணிக்கு லேபில் போன் அடித்தது. இரண்டு கையிலும் மெழுகு. கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டாள்.

"என்ன சம்பந்தி, வேலையா இருக்கீங்களா?"

அந்தச் சொல் காதில் விழுந்ததும் தளபதி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பையனின் அம்மா மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே போனாள். "நாலு நாளா இதே யோசனைங்க. அன்னைக்குப் பெல்ட்டு நாலு விரல் அகலம் போதும்னு சொன்னேன்ல, அது தப்பு. நேத்து ஆஸ்பத்திரியில ஒரு பட்டையை வச்சுக் கட்டிப் பார்த்தேன். அதையே எங்க வீட்டுக்காரருக்குக் கட்டி, தோள்ல அரிசி மூட்டையைப் போட்டு மாடிப்படி ஏறவிட்டுப் பார்த்தேன். நாலு விரல் வச்சா எலும்புல வெட்டுது. ஆறு விரல் வைங்க. எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதிக்கறேன்."

"அப்புறம், கல்யாணத்துக்கு ஒரு தேதி பார்த்திருக்கோம். உங்களுக்குத் தோதுப்படுதான்னு சொல்லுங்க" என்று தேதியையும் சொன்னாள்.

கைக்கெட்டுகிற தூரத்தில் காகிதம் எதுவும் இல்லை. மேஜையில் யாரோ ஒரு பெரியவரின் பல் அச்சு, சுண்ணாம்பு காய்ந்து வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தது. தளபதி பென்சிலை எடுத்தாள். கீழ்த்தாடையில் 'ஆறு விரல்' என்று எழுதி வட்டம் போட்டாள். தேதியை மேல்தாடையில் எழுதினாள்.